அரைப் பக்கம் கூடுதல்

ஒரு துணைவேந்தரை, வெறும் அரைப் பக்கத்துக்காக, வந்த வழியே திருப்பி அனுப்பியவன் நான். இரண்டு கார், மூன்று உதவியாளர்கள், குடை பிடிக்கத் தனியாக ஓர் ஆள் என்று வந்தவர், போகும்போது கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அன்று துக்கம் தாளாமல் நான்கு துறைகளுக்கு விடுமுறை விட்டார்கள்.

"போன வாரம் ஒரு கார்தான் இருந்துச்சு," என்றார் சம்பந்தியம்மா, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

"இன்னொண்ணு பின்னாடி வந்துச்சு."

"குடை?"

"மழை நாள்."

"போன வாரம் வெயில் மண்டையைப் பொளந்துச்சுன்னு சொன்னீங்க. அந்த மனுஷன் வேர்வையைத்தான் துடைச்சிருப்பாரு."

சம்பந்தியம்மா என் மாப்பிள்ளையின் தாயார். இருபத்தொன்பது வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்தர். ஊரில் உள்ள பொய்யையெல்லாம் ஓர் எழுத்து மாறாமல் எழுதி எழுதி, உண்மை பேசுகிறவனைப் பார்த்தாலே சந்தேகப்படும் வியாதி வந்துவிட்டது அவருக்கு. நான், மகள், மாப்பிள்ளை, அவர் என்று நாலு பேரும் ஒரே வீட்டில் பதினோரு வருஷமாக இருக்கிறோம். மணி என்ன என்று என்னிடமே கேட்டுவிட்டு, நான் சொன்ன பிறகு எழுந்து போய்ச் சுவர்க்கடிகாரத்தையும் பார்த்துவிட்டு வருவார்.

நான் முப்பத்தோரு வருஷம் பல்கலைக்கழக நூலகத்து ஜெராக்ஸ் கவுண்டரைக் கட்டி மேய்த்தவன். எட்டு மெஷின், ஒரே ராஜா.

அன்று காலை அந்தத் துணைவேந்தர் கதையை யாரும் ரசிக்கவில்லை. பதினோரு மணிக்கு என் மகளுக்கு விசாரணை.

மகள் அதே பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் சொல்லிக் கொடுக்கிறாள். ஒப்பந்த வேலை. அவள் பாடத்துக்கு வைத்தது நடைபாதைகளைப் பற்றி முந்நூற்றுப் பத்துப் பக்கப் புத்தகம் ஒன்று. முப்பத்தெட்டு மாணவர்களுக்கு நூலகத்தில் இருப்பது இரண்டே பிரதி. அதில் ஓர் அத்தியாயத்தை மட்டும் நகலெடுத்து, தன் வகுப்பு மாணவர்கள் மட்டும் கடவுச்சொல் போட்டுத் திறக்கும் இணையப் பக்கத்தில் ஏற்றினாள். புத்தகத்தில் பத்தில் ஒரு பங்கு வரை பாடத்துக்காக எடுக்கலாம், யாருடையது என்று சொல்ல வேண்டும், பருவம் முடிந்ததும் நீக்கிவிட வேண்டும். பல்கலைக்கழகத்து விதி இவ்வளவுதான். தொண்ணூற்றேழாம் பக்கம் முதல் நூற்றிருபத்தேழு வரை எண்ணிப் பாருங்கள், சரியாக முப்பத்தொன்று. தராசில் வைத்த மாதிரி எடுத்திருந்தாள். என் மகள் இல்லையா.

ஆனால் யாரோ பெயரில்லாமல் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போட்டார்கள். பதிப்பகம் அதைப் பல்கலைக்கழகத்துக்குத் தள்ளியது. அது போய் விழுந்தது முத்திரையின் மேசையில்.

முத்திரை என்பது பதிப்புரிமை அதிகாரிக்குப் பல்கலைக்கழகமே வைத்த பெயர். சட்டைப் பையில் பேனா வைத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள்; இவர் ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருப்பார். அறுபது பக்கத்தில் ஒரு கையேடு போட்டிருக்கிறார். முதல் பக்கத்தில் 'கூடாது' என்று ஆரம்பித்து அறுபதாம் பக்கத்தில் 'அதுவும் கூடாது' என்று முடித்திருக்கிறார். ஆசிரியர் என்ன செய்யலாம் என்று ஒரு வரி கிடையாது. படித்துவிட்டு என் மகள் போய், "சார், அப்ப நான் எப்படித்தான் பாடம் நடத்தறது?" என்று கேட்டதற்கு அந்த ஞானி சொன்ன பதில்: "ரெண்டு பிரதி இருக்கே. ஆளுக்கு நாலு நிமிஷம்னு மாத்தி மாத்திப் படிக்கச் சொல்லுங்க."

இந்த மகானுக்குப் பயந்து நடுங்கும் பேராசிரியர்கள் இரண்டு வகை. முழுப் புத்தகத்தையும் அட்டை முதல் அட்டை வரை உருவி, மேலே தன் பெயரைப் போட்டு 'என் குறிப்புகள்' என்று விநியோகிக்கும் வீரர்கள் ஒரு வகை. எதற்கு வம்பு என்று எதையுமே கொடுக்காமல், ஜன்னலைப் பார்த்துப் பாடம் நடத்தும் உத்தமர்கள் இன்னொரு வகை. இரண்டு கூட்டமும் நிம்மதியாகக் குறட்டை விடுகிறது. எண்ணி, அளந்து, பெயர் சொல்லி எடுத்தவள் மாட்டிக்கொண்டாள். அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கும் தாளைப் போன வாரமே முத்திரை பிடித்து வைத்துவிட்டார்.

ஒப்பந்தம் நீளாவிட்டால் வேறு ஊரில் காத்திருக்கும் பெரிய வேலைக்கு மாப்பிள்ளை குடும்பத்தோடு கிளம்பிவிடுவார். "அவ வேலைதானே இங்க பிடிச்சு வச்சிருக்கு," என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். மகளும் கேட்டாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் ரொட்டி மெல்லும் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்கிறது. மாப்பிள்ளை அன்றும் விடிவதற்குள் ஆபீசுக்குப் போய்விட்டார்.

"இவ ஏத்தின நகல் கட்டுல மொத்தம் முப்பத்திநாலு தாள் இருக்குன்னு எண்ணியிருக்கான் அந்த ஆளு," என்றேன். "அதுல முன்னாடி இருக்கிற மூணும் தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம், மூலக் குறிப்பு. இது யாரோட புத்தகம்னு சொல்ற தாளுங்க. அதை எந்தக் காலத்துலயும் எண்ணினது கிடையாது."

"அதை நான் சொல்லிட்டேன்ப்பா," என்றாள் மகள். பையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "எழுத்துல காட்டுங்கன்னாரு. எழுத்துல எங்க இருக்கு?"

"இருக்கு. துணைவேந்தரே எழுதின உத்தரவு. நான் திருப்பி அனுப்பினேனே, அன்னிக்கு என் பதிவேட்டுல அவர் கைப்பட எழுதினது."

மகள் என்னைப் பார்த்தாள். அப்பா மேல் பாசம் உள்ள பெண்கள், அப்பா சொல்வதை நம்ப முடியாதபோது பார்க்கும் பார்வை.

"அப்பா, இது என் வேலைப்பா. இன்னிக்கு மட்டும் கதை வேணாம்."

சுருக்கென்றுதான் இருந்தது. என்ன செய்வது, குடையையும் கண்ணீரையும் சேர்த்தவன் நான்தானே.

சம்பந்தியம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நீ போம்மா. பதினோரு மணிக்குள்ள நானும் இவரும் வந்து சேர்றோம்."

"நம்பறீங்களா அத்தை?"

"ஒரு எழுத்தும் நம்பல. நேர்ல பார்த்துட்டு, இல்லன்னா இல்லன்னு சொல்றதுக்குப் போறேன்."

நூலகத்து அடித்தளத்தை ஒன்பதரைக்குத் திறந்தார்கள். சாவி கொடுத்த பெண், "அங்க பழைய பேப்பர்தான் இருக்கு," என்றாள். என் முப்பத்தோரு வருஷத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. கவுண்டரை மூடி ஆறு வருஷம் ஆகிறது. எட்டு மெஷின் நின்ற இடத்தில் இப்போது உடைந்த நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. மூலையில் சாக்குக் கட்டுகளில் என் பதிவேடுகள்.

"எந்த வருஷம்?" என்றார் சம்பந்தியம்மா.

"நான் சேர்ந்த மூணாவது வருஷம். பச்சப் பையன். அப்பவே என்ன தைரியம் பாருங்க."

மூன்றாவது வருஷத்துப் பதிவேட்டைப் பிரித்தோம். இல்லை. நான்காவதிலும் இல்லை. மணி பத்தைத் தாண்டியது. சொல்லிச் சொல்லி, உண்மையில் நடந்ததா, நானே கட்டியதா என்று ஒரு நிமிஷம் குழம்பிவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

சம்பந்தியம்மா ஓர் உடைந்த நாற்காலியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். "சம்பந்தி, காரை விடுங்க, குடையை விடுங்க. அன்னிக்குக் கவுண்டர்ல வேற யார் இருந்தாங்க?"

"நம்ம பொண்ணு இருந்தா. பள்ளிக்கூடம் லீவு. தாள் எண்ணிக் கொடுத்துட்டு இருந்தா."

"எத்தனை வரைக்கும் எண்ணத் தெரியும் அப்போ?"

"நூறெல்லாம் தாண்டுவா. முன்பல்லு ரெண்டும் இல்ல. துணைவேந்தரைப் பார்த்துச் சிரிச்சா, அவரும் சிரிச்சாரு."

"அழுதாருன்னீங்க."

"சிரிச்சுட்டு அழுதாரு."

"முன்பல்லு இல்லன்னா ஏழு வயசு. அவ பொறந்தது நீங்க வேலைக்குச் சேர்ந்த எத்தனாவது வருஷம்?"

"ஏழாவது."

"அப்ப பதினாலாவது பதிவேட்டை எடுங்க. பச்சப் பையனாம்."

கோர்ட்டில் எத்தனை பேரை இப்படி உரித்திருப்பார் என்று அன்றுதான் புரிந்தது. கட்டைப் பிரித்து, பதினான்காவதை அவரே உருவினார். நான் கை நீட்டினேன். "தொடாதீங்க," என்றார். எனக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் தாள் தாளாகப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார். படித்தார். மறுபடி படித்தார். முன்னே நான்கு தாள், பின்னே நான்கு தாள் புரட்டினார். பதிவேட்டை மூடித் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"இருக்கா?"

"மணி பத்து ஐம்பது. நடங்க."

"இருக்கா இல்லையான்னு சொல்லுங்க சம்பந்தியம்மா."

"படியில பார்த்து ஏறுங்க."

அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

விசாரணை அறையில் நீண்ட மேசை, சொட்டும் ஏசி, அதன் அடியில் ஒரு வாளி. தலைமை தாங்கியவர் துணைப் பதிவாளர் அம்மா. ஓய்வுக்கு ஒரு வருஷம் இருப்பவர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துப் பேசுகிறவர். பக்கத்தில் முத்திரை. எதிரில் என் மகள் தனியாக. சுவரோர பெஞ்சில் நானும் சம்பந்தியம்மாவும்.

முத்திரை எழுந்து நின்று, நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு, கட்டின் தாள்களைச் சத்தமாக எண்ணினார். முப்பத்திநாலு எண்ண எவ்வளவு நேரமாகும்? அவருக்கு ஆறு நிமிஷம் ஆனது. நடுவில் ஒரு தடவை தப்பு விட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். நானாக இருந்தால் கட்டைத் தூக்கிப் பார்த்தே சொல்லியிருப்பேன். ஒருமுறை ஆயிரம் தாளை வாசனை பிடித்தே எண்ணியிருக்கிறேன்.

"முப்பத்திநாலு. அனுமதி முப்பத்தொண்ணு. மூணு பக்கம் மீறல்," என்றார் முத்திரை.

"சார், முதல் மூணும் புத்தகத்தை எழுதினது யாரு, உரிமை யாருக்குன்னு சொல்ற பக்கம்," என்றாள் மகள். "மூலத்தைக் கண்டிப்பா சொல்லணும்னு உங்க கையேடே கேக்குது."

"கேக்குது. ஆனா அதை எண்ணக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல. பக்கம்னா பக்கம்."

"அப்ப யாரோடதுன்னு சொன்னா அளவு மீறல், சொல்லலைன்னா திருட்டா?"

"அதை நீங்க முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

துணைப் பதிவாளர் கண்ணாடியை ஏற்றி இறக்கினார். "எனக்கும் இது விசித்திரமாத்தான் இருக்கு. ஆனா அவர் கேக்கறதுக்குப் பதில் வேணும். எழுத்துல ஏதாவது இருக்கா?"

மகள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "அப்பா இருக்குன்னு சொல்றாரு," என்றாள் மெதுவாக.

முத்திரை சிரித்தார். மூக்கால் சிரிப்பார் அந்த மனிதர். "மேடம், இவரை இந்த வளாகத்துக்கே தெரியும். கேன்டீன்ல இவர் சொல்ற கதைக்குத் தனிக் கூட்டம் சேரும். இதைப் பாருங்க, இது நிஜம்." பதிப்பகத்துக்குப் போன பெயரில்லாக் கடிதத்தையும் அதோடு இணைத்திருந்த நகல் தாள்களையும் மேசைமேல் பரப்பினார். ஒரு தாள் என் பக்கமாக வழுக்கி வந்தது.

பார்த்தேன். பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை.

ஒவ்வொரு மெஷினும் தாளில் தன் அடையாளத்தை விட்டுத்தான் அனுப்பும். ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் ஓர் ஓரக் கறுப்பு. என் எட்டையும் இருட்டில் தடவிச் சொல்வேன். இந்தத் தாளின் இடது ஓரத்தில் மெல்லிய சாம்பல் கோடு, நடுவில் இரண்டிடத்தில் அறுந்து. போன மாதம் மாப்பிள்ளை ஒட்டும் தாளைப் போட்டுச் சிக்க வைத்ததிலிருந்து எங்கள் வீட்டுப் பிரிண்டர் போடும் கோடு. பிரிண்டர் இருப்பது சம்பந்தியம்மாவின் அறையில். மாப்பிள்ளை ஆபீஸ் தாள் எடுப்பதும் அதில்தான். மகளின் லேப்டாப், வகுப்புப் பக்கம் திறந்தபடியே, கூடத்து மேசையில் கிடக்கும்.

அந்தக் கடிதம் எங்கள் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது. நான் இல்லை. மகள் தன் தலையில் தானே கல் போட்டுக்கொள்ள மாட்டாள். மிச்சம் இரண்டு பேர். அதில் ஒருவர் என் பக்கத்தில், என் மகளின் வேலையைப் பைக்குள் பூட்டி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெஞ்சில் ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்தேன்.

சம்பந்தியம்மா எழுந்தார். ஜிப்பைத் திறந்தார். பதிவேட்டை எடுத்து, என்னைத் தாண்டி, முத்திரையைத் தாண்டி, நேராகத் துணைப் பதிவாளர் முன்னால் வைத்தார்.

"இது நகல் கவுண்டர் பதிவேடு. நூத்திப் பன்னெண்டாம் பக்கம். படிக்கட்டுமா?"

"படிங்கம்மா."

ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் படித்தார். கொலைக் குற்றமும் வாய்தாவும் ஒரே மாதிரி கேட்கும் குரல்.

"'வந்தவர்: துணைவேந்தர், நேரில். புத்தகம் இருநூற்று நாற்பது பக்கம். கேட்டது இருபத்து நான்கரை. அரைப் பக்கம் கூடுதல். மறுக்கப்பட்டது.' இதுக்குக் கீழ வேற கையெழுத்து. 'தலைப்புப் பக்கத்தையும் உரிமைப் பக்கத்தையும் கழித்துவிட்டு அரைப் பக்கம் தரும்படி கேட்டேன். அவை எண்ணிக்கையிலேயே வராது, யாருடையது என்று சொல்வதற்குக் கணக்கு இல்லை என்று கவுண்டர் ஊழியர் மறுத்தார். அவர் சொல்வது சரி. தலைப்பு, உரிமை, மூலக் குறிப்புப் பக்கங்கள் இனி எந்தத் துறையிலும் எண்ணப்படாது. அரைப் பக்கம் ஒரு பக்கமே. இது உத்தரவு.' கையெழுத்து, தேதி."

ஏசி சொட்டியது. மகள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னும் எட்டு மெஷினைத் தோளில் சுமக்கலாம்.

துணைப் பதிவாளர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். "என் வேலை ஆர்டர்ல இருக்கிற கையெழுத்து இது. இந்த உத்தரவை யாரும் ரத்து பண்ணலையே?"

"மேடம், அவசரப்படாதீங்க," என்றார் முத்திரை. சட்டைப் பையில் இருந்த ஸ்டாம்பைத் தடவிக்கொண்டே. "பதிவேட்டை எழுதினது பொண்ணோட அப்பா. நேத்து ராத்திரி உக்காந்து ஒரு தாளைச் சேர்த்திருக்கலாம். கொண்டு வந்ததும் அவங்க வீட்டு ஆளு."

"நீங்க யாரும்மா?" என்றார் துணைப் பதிவாளர்.

"பொண்ணோட மாமியார். கோர்ட்டு சுருக்கெழுத்தர், இருபத்தொன்பது வருஷம். நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துக்கு ஜோடித் தாள் இருபத்தொன்பதாம் பக்கம். ஒரே தாளா மடிச்சு நடுவுல தைச்சது. புதுசா ஒண்ணைச் செருகினா அங்க ஒரு தாள் துருத்தும், துருத்தல. எண் எல்லாம் அச்சடிச்ச எண். அன்னிக்கு மத்தியானப் பதிவு அதே பக்கத்துலயே, இந்தக் கையெழுத்துக்கு அடியிலேயே தொடங்குது. இன்னிக்கு இவர் விரல் இதுல படல. படக் கூடாதுன்னுதான் உள்ள என்ன இருக்குன்னே இவர்கிட்ட சொல்லாம பையில போட்டுக் கொண்டு வந்தேன்."

படியில் பார்த்து ஏறுங்க என்றதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அவங்க சம்பந்தி. வேண்டியவங்க. எப்படி நம்பறது?" என்றார் முத்திரை, விடாமல்.

"வேண்டியவங்களா?" சம்பந்தியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். வாளிக்கு வெளியே விழுந்த சொட்டைப் பார்ப்பது போல. "பதினோரு வருஷமா இந்த மனுஷன் சொன்ன ஒண்ணையும் நான் நம்பினது கிடையாது. மணி கேட்டாக்கூட நானே போய்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். கேட்டுப் பாருங்க."

"உண்மை," என்றேன். அன்று நான் சொன்ன மிகச் சிறிய வாக்கியம் அதுதான்.

துணைப் பதிவாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒப்பந்த நீட்டிப்புத் தாளைக் கோப்பிலிருந்து உருவினார். பேனாவைத் திறந்து, எழுதாமல் நிறுத்தினார்.

"இவரை எப்பவுமே நம்பாத ஆள் நீங்கன்னா, உங்க வார்த்தையை நான் பதிவு பண்றேன். சொல்லுங்கம்மா, அன்னிக்கு இது நடந்ததா?"

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த நகல் தாளைப் பார்த்தார், அதன் இடது ஓரத்தை. அந்தக் கோடு அவருக்கும் தெரிகிறதா, இல்லை வெறுமனே பார்க்கிறாரா, என்னால் படிக்க முடியவில்லை. மறுபடி நிமிர்ந்தார்.

"ரெண்டு கார் பொய். 'நேரில்'னுதான் இருக்கு, கூட யாரும் வந்ததா பதிவு இல்ல. குடை பொய். அழுகை பொய், அந்தக் கையெழுத்து நடுங்கவே இல்ல. துறைக்கெல்லாம் லீவுங்கறது பச்சப் பொய், அன்னிக்கு மத்தியானமே பதினேழு துறைக்கு நகல் போயிருக்கு."

"அம்மா, நான் கேட்டது அரைப் பக்கம்."

"அதைத்தான் சொல்ல வர்றேன்," என்றார் சம்பந்தியம்மா. "நடந்தது."